சிறுத்தைப் பல்லிக்கு ஏற்ற வீடு

ஜீலம் நதிக்கும் சிந்து நதிக்கும் இடையே, இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த பஞ்சாபில், வறண்டு கிடக்கும் உப்பு மலைத்தொடரிலிருந்து கிடைத்த ஒரு பல்லியை, கல்கத்தா ஆசியச் சங்கத்துப் பொருட்காட்சிசாலையின் காப்பாளராக இருந்த எட்வர்டு பிளைத் என்ற ஆங்கிலேயர் 1854ஆம் வருஷத்தில் சாஸ்திர உலகுக்கு முதன்முதலாக விவரித்து எழுதினார். வெளிறிய மஞ்சள் மேனி, அதில் இறைத்துவிட்டாற்போலக் கரும்புள்ளிகள், பருத்துத் திரண்ட வால், எப்போதும் புன்னகை செய்வதுபோலத் தோன்றும் வாய் ஆகியவற்றைக் கொண்ட அந்தப் பிராணிதான் இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் எண்ணற்ற வீடுகளில் நாய் பூனைகளைப் போலச் செல்லமாக வளர்க்கப்படும் 'லெப்பர்ட் கெக்கோ' என்னும் சிறுத்தைப் பல்லி. பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்துவிட்டபடியால், 1990களில் ரான் டிரெம்பர் போன்ற அமெரிக்க வளர்ப்பாளர்கள் உண்டாக்கிப் பரப்பிய வெண்ணிற வகை முதலாகப் பலப்பல வர்ணங்களில் இது கிடைக்கிறது. ஆனால் வர்ணம் எவ்வளவு மாறினாலும், உள்ளே இருப்பது அந்த உப்பு மலையின் கல்லிடுக்கில் ஒண்டிக்கிடந்த பிராணியேயாகும். ஆதலால் அதற்கு வீடு தேட விரும்புகிறவர் கடைக்குப் போகுமுன் அந்த மலையைச் சற்று மனத்தில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

நம் வீட்டுச் சுவரில் விளக்கடியில் பூச்சி பிடிக்கும் பல்லியை வைத்துக்கொண்டு இதை அளவிடலாகாது. சுவர்ப்பல்லிக்குக் கண்ணிமை இல்லை. சிறுத்தைப் பல்லிக்கு உண்டு, அது கண்ணை மூடித் தூங்குகிறது. சுவர்ப்பல்லியின் விரலடியில் கண்ணாடியிலும் பற்றி ஏறக்கூடிய மென்தகடுகள் உள்ளன. சிறுத்தைப் பல்லிக்கோ அவை இல்லாமல் வெறும் நகங்களே இருக்கின்றமையால், சொரசொரப்பான கல்லின்மேல் ஏறுமே தவிர வழுவழுப்பான சுவரில் ஓரடிகூட ஏற முடியாது. நம் தலைமேல் விழுந்து பஞ்சாங்கக்காரருக்கு வேலை வைக்கும் வல்லமை இதற்கு இல்லை என்பது சிலருக்கு ஆறுதலாக இருக்கலாம். வளர்ந்த பல்லி மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய 18 முதல் 25 சென்டிமீட்டர் வரை இருக்கும். நல்ல பராமரிப்பில் 15 வருஷம், 20 வருஷம் உயிர் வாழ்வது அபூர்வமன்று. பள்ளிக்கூடம் போகும் குழந்தை ஆசைப்பட்டு வாங்கும் பல்லி, அந்தக் குழந்தைக்குக் கல்யாணமாகும் காலத்திலும் உயிரோடிருக்கக் கூடும் என்பதை எண்ணினால், அதன் வீட்டைப் பற்றிச் சில நாள் யோசிப்பது அதிகமாகத் தோன்றாது.

பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதிகளில் இது வாழும் நிலம் மணற்கடல் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கல்லும் கட்டிமண்ணும் காய்ந்த புல்லும் கலந்த வறண்ட பூமி. கோடையில் பகல் கொளுத்தும், மாரியில் இரவு நடுக்கும். பகலெல்லாம் கல்லிடுக்கிலோ வளையிலோ பதுங்கிக்கிடந்து, பொழுது சாயும் வேளையில் வெளிப்பட்டு, பூச்சிகளை வேட்டையாடிவிட்டு, விடியுமுன் மீண்டும் மறைந்துவிடுவது இதன் வழக்கம். கடுங்குளிர் மாதங்களில் வாலில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டு வளைக்குள் அசையாமல் காலம் தள்ளுகிறது. ஒரு பெரிய பாறையின் கீழ் எத்தனை விதமான இடங்கள் இருக்கின்றன என்று பாருங்கள்: வெயில் படும் மேற்பரப்பை ஒட்டிய பகுதி சுடும், அதற்கு ஒரு சாண் கீழே வெதுவெதுப்பாக இருக்கும், இன்னும் உள்ளே போனால் குளிர்ந்து ஈரம் கசியும். தன் சரீரத்துக்கு வேண்டிய உஷ்ணத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் சக்தி ஊர்வனவற்றுக்கு இல்லை. இரை ஜீரணமாக வேண்டுமானால் சூடான இடத்துக்கு நகர வேண்டும், சூடு மிஞ்சினால் குளிர்ந்த இடத்துக்கு நகர வேண்டும், தோல் உரியும் காலம் வந்தால் ஈரமான இடத்துக்கு நகர வேண்டும். நமக்கு ரத்தமும் வியர்வையும் செய்யும் காரியத்தை அதற்கு நடைதான் செய்கிறது. எனவே சிறுத்தைப் பல்லிக்கு ஏற்ற வீடு எது என்ற கேள்விக்கு, அது நடந்து போய்த் தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளப் போதிய வேறுபாடுகளை உள்ளடக்கிய வீடு எதுவோ அதுவே என்பது என் விடை; கண்ணாடியா மரமா, விலை கூடியதா குறைந்ததா என்பவையெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

இந்த நோக்கோடு பார்த்தால், தொட்டியின் உயரத்தைவிட நீளமே முக்கியம் என்பது உடனே விளங்கும். ஒரு கோடியில் சூடும் மறு கோடியில் குளிர்ச்சியும் நிலவ வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே தூரம் வேண்டும். நீளம் குறைந்த பெட்டியில் விளக்கை வைத்தால் பெட்டி முழுவதும் சுட்டுவிடும், விளக்கை எடுத்தால் முழுவதும் குளிர்ந்துவிடும். முற்காலத்தில் அமெரிக்காவில் பத்து காலன் மீன் தொட்டி, அதாவது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் உடைய தொட்டி, ஒரு பல்லிக்குப் போதும் என்று சொல்லி வந்தார்கள்; மூக்கிலிருந்து வால் வரை 25 சென்டிமீட்டர் இருக்கக்கூடிய பிராணி அதில் குறுக்கே திரும்பிப் படுக்கவும் இடம் இராது என்பதை ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பிறகு 76 சென்டிமீட்டர் நீளமுள்ள இருபது காலன் தொட்டி என்று அந்த அளவு உயர்ந்தது. இப்போது அக்கறையுள்ள வளர்ப்பாளர்கள் ஒரு பல்லிக்குக் குறைந்தபட்சம் என்று சொல்வது 90 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரம், நம் கணக்கில் மூன்றடிக்கு ஒன்றரை அடி. வசதியுள்ளவர்கள் நாலடிக்கு இரண்டடி வைக்கிறார்கள். கடைகளில் அழகாக நிற்கும் உயரமான, ஒடுங்கிய தொட்டிகள் மரமேறும் பல்லியினங்களுக்கு உரியவை. தரையில் உலாவும் நம் பிராணிக்கு அந்த உயரத்தில் பாதிக்கு மேல் வீண்.

பெரிய தொட்டியில் விட்டால் பல்லி பயந்துபோய் இரை எடுக்காது என்று ஒரு வாதம் நெடுநாளாக வழங்கி வருகிறது. அதில் உண்மையின் சாயல் இல்லாமலில்லை: மூன்றடி நீளத் தொட்டியில் ஒரு மூலையில் ஒரு குடுவையை மட்டும் கவிழ்த்துவைத்து மற்ற இடத்தையெல்லாம் வெட்டவெளியாக விட்டால், எந்தப் பல்லியும் அந்தக் குடுவையை விட்டு வெளியே வராது. வெட்டவெளி என்பது ஆந்தைக்கும் நரிக்கும் இரையாகும் இடம் என்று அதன் உடம்பில் எழுதியிருக்கிறது. பயத்துக்குக் காரணம் மறைவிடம் இல்லாமை. அதைப் பெட்டியின் பரப்பின்மேல் சுமத்திவிட்டார்கள். கல், கார்க் மரப்பட்டை, வேர்த்துண்டு, பிளாஸ்டிக் இலைக்கொத்து என்று ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒளிந்து ஒளிந்தே போகும்படி நிரப்பிவிட்டால், கைப்பிடியளவு குஞ்சும் பெரிய தொட்டியில் அச்சமின்றி உலாவும். குஞ்சை மட்டும் சில மாதங்கள் சிறிய பெட்டியில் வைத்தால் இரை எடுக்கிறதா என்று கவனிக்கச் சுலபம் என்பதும் மெய்தான்; அது வளர்ப்பவருடைய சௌகரியம்.

இனி எதனால் ஆன பெட்டி என்பது. கண்ணாடித் தொட்டி எங்கும் கிடைக்கும், சுத்தம் செய்ய எளிது, ஈரத்தால் கெடாது; ஆனால் உஷ்ணத்தைப் பிடித்துவைக்கும் குணம் அதற்குக் குறைவு, நாலு புறமும் திறந்திருப்பதுபோல் இருப்பதால் பல்லிக்குக் கூச்சமும் உண்டாகும். பின்புறத்திலும் பக்கங்களிலும் காகிதமோ கார்க் பலகையோ ஒட்டிவிட்டால் அந்தக் கூச்சம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் குளிர் அதிகமாதலால் அங்கே முன்புறம் மட்டும் கண்ணாடிக் கதவு நகரும் மரப்பெட்டிகளையே பலர் விரும்புகிறார்கள். மரம் சூட்டைக் காக்கும், மூன்று புறமும் மூடியிருப்பதால் வளை போன்ற பாதுகாப்பு உணர்ச்சியைத் தரும். அதன் பலவீனம் ஈரம்: மூட்டுகளில் நீர் இறங்கினால் பலகை உப்பிப் போகும், ஆகவே மீன் தொட்டிக்குப் பயன்படும் சிலிக்கோன் பசையால் உள்மூட்டுகளை அடைத்து, அதன் நெடி முற்றும் போகும்வரை பல நாள் காற்றாட விட்டு, பிறகே பயன்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் பெட்டிகளை அலமாரி இழுப்பறைகள்போல் அடுக்கி, அவற்றின் அடியில் வெப்பப் பட்டையை ஓட்டி நூற்றுக்கணக்கில் பல்லி வளர்ப்பது வியாபாரிகளின் முறை. அவ்விதம் வளரும் பல்லிகள் தின்கின்றன, இனம் பெருக்குகின்றன, நோயின்றியும் இருக்கின்றன. ஆயினும் தேர்ந்துகொள்ள ஒன்றுமே இல்லாத இடத்தில் இருபது வருஷம் வைத்திருப்பதை வீடு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. நோயுற்ற பல்லியைத் தனியே வைக்கவும், புதிதாக வந்ததைக் கண்காணிக்கவும் அந்தப் பெட்டி மிக உபயோகமானது.

எந்தப் பெட்டியானாலும் கதவு முன்புறத்தில் இருப்பது மேல் திறப்பதைவிட உசிதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மேலிருந்து இறங்கும் நிழல் எதுவானாலும் தரைவாழ் சிறு பிராணிக்கு அது பருந்தேயாகும். தினமும் இரை வைக்க வரும் கையையும் அது அப்படித்தான் காண்கிறது. எதிரே கதவு திறந்து, தரைமட்டத்தில் கை மெதுவாக நீண்டால், சில வாரங்களில் பல்லி தானாகவே வந்து விரலை நக்கிப் பார்க்கும். பழைய மீன் தொட்டி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், மேலே கம்பிவலை மூடி போட்டு, நல்ல கொக்கியும் வைக்க வேண்டும். பல்லி ஏறி வெளியேறும் என்பதைவிடப் பூனை உள்ளே இறங்கும் என்பதே அங்கே பயம்.

உஷ்ணம் என்ற விஷயத்துக்கு வருவோம். வீட்டின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. முட்டையிலிருந்தே இந்தப் பிராணியின் விதியை உஷ்ணம் நிர்ணயிக்கிறது என்றால் மிகையன்று: ஏறக்குறைய 26 டிகிரி செல்சியஸில் அடைகாத்த முட்டைகளிலிருந்து பெரும்பாலும் பெண்களும், 32 அல்லது 33 டிகிரியில் பெரும்பாலும் ஆண்களும், அதற்கும் மேலே போனால் மறுபடி பெரும்பாலும் பெண்களும் பிறக்கின்றன. வளர்ந்த பல்லிக்குத் தொட்டியின் சூடான கோடியில் கல்லின் மேற்பரப்பு 33 முதல் 35 டிகிரி வரையும், அதன் கீழுள்ள மறைவிடம் 31, 32 டிகிரியும், குளிர்ந்த கோடி 22 முதல் 25 டிகிரியும் இருப்பது நலம். இரவில் எல்லாம் அணைந்து 20 டிகிரிக்கு இறங்கினாலும் ஆரோக்கியமான பல்லிக்குக் கெடுதல் இல்லை, மலைநாட்டில் இரவு அதைவிடக் குளிரும்.

இந்தச் சூட்டை எப்படிக் கொடுப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. பழைய கட்சி, தொட்டியின் அடியில் 'ஹீட் மேட்' என்னும் மெல்லிய வெப்பத் தகட்டை ஒட்டுவது. பல்லி வயிற்றால் சூட்டை ஏற்கிறது, ஆகவே அடியிலிருந்தே சூடு வர வேண்டும் என்பது அவர்கள் வாதம். புதிய கட்சி, இயற்கையில் சூடு சூரியனிடமிருந்து மேலிருந்துதான் வருகிறது, கல் அதை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு பல்லிக்குக் கொடுக்கிறது, ஆகவே மேலே ஹாலஜன் விளக்கைத் தொங்கவிட்டு அதன் கீழே ஒரு தட்டைக் கல்லை வைப்பதே முறை என்கிறது. இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கையில் நான் புதிய கட்சியையே சேர்வேன். ஹீட் மேட் தன்னைத் தொடும் கண்ணாடியைச் சுடுமே ஒழியத் தொட்டியின் காற்றைச் சூடாக்காது. அதன்மேல் மண்ணைக் கனமாகப் பரப்பினால் சூடு மேலே வராமல் அடியில் தேங்கி, குழி பறிக்கும் பல்லி எதிர்பாராமல் கொதிக்கும் கண்ணாடியில் வயிற்றை வைத்துவிடும். ஹாலஜன் விளக்கின் கதிர்களோ தோலுக்குக் கீழே சற்று ஆழமாக இறங்கி உடம்பை வெதுப்புகின்றன. அதன் கீழுள்ள கல் விளக்கணைந்த பிறகும் நெடுநேரம் வெப்பத்தை வைத்திருக்கும். பகலில் கல்லின் இடுக்கிலிருந்து வாலையோ ஒரு காலையோ மட்டும் வெளியே நீட்டிச் சிறுத்தைப் பல்லி வெயில் காய்வதை விளக்கு வைத்த தொட்டிகளில் காணலாம். இரவு மிகவும் குளிரும் ஊர்களில் ஒளி வீசாத செராமிக் வெப்பக் குமிழைச் சேர்த்துக்கொள்ளலாம்; சிவப்பு விளக்கும் நீல விளக்கும் இரவெல்லாம் எரிய வேண்டிய அவசியமில்லை. இருளில் நடமாடும் பிராணிக்கு இருட்டைக் கொடுக்காமல் வைப்பது உபகாரமாகாது.

எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒரு நாளும் வெப்பக் கருவியை இயக்கக் கூடாது. விளக்குக்கு மங்கச்செய்யும் வகையும், தகட்டுக்கு நிறுத்தி ஓட்டும் வகையும் பொருந்தும். அதன் உணர்முனை பல்லி சூடு காயும் இடத்திலேயே இருக்க வேண்டும், எங்கோ சுவரில் தொங்கினால் அங்குள்ள உஷ்ணத்தைத்தான் அது காக்கும். சுவரில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டர்களை நம்பலாகாது. கம்பி முனை கொண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டை, கோடிக்கு ஒன்றாக, தரையில் வைத்துப் பார்ப்பதே சரி. மின்சாரத்தால் உள்ளே சுடும் செயற்கைக் கல் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. ஊர்வனவற்றைச் சுட்டுப் புண்ணாக்கிய பெருமை அதற்கு நிறைய உண்டு. அதை வாங்காமலே வந்துவிடலாம்.

மறைவிடங்கள் குறைந்தது மூன்று வேண்டும்: சூடான கோடியில் உலர்ந்தது ஒன்று, குளிர்ந்த கோடியில் உலர்ந்தது ஒன்று, இரண்டுக்கும் நடுவே சூட்டுப் பக்கமாகத் தள்ளி ஈரமானது ஒன்று. முதல் இரண்டும் பல்லியின் முதுகும் பக்கங்களும் உராயும் அளவுக்கு நெருக்கமாக இருந்தால்தான் அது நிம்மதி கொள்ளும்; மூன்றாவது, மூடியுள்ள ஒரு சிறு டப்பாவில் வாசல் வெட்டி, ஸ்பாக்னம் என்னும் பாசியை நனைத்துப் பிழிந்து உள்ளே திணித்தால் ஆகிவிடும். தொட்டியின் பொதுவான காற்றில் ஈரப்பதம் 30, 40 சதவீதம் போதும். அந்த டப்பாவுக்குள் மட்டும் 70, 80 என்று நிற்க வேண்டும். காரணத்தைத் தோல் உரிக்கும் நாளன்று பிரத்தியட்சமாகப் பார்க்கலாம். அதற்கு முந்தின நாளே பல்லியின் மேனி மங்கிச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்துவிடும். இரையை ஏறிட்டும் பாராது. பிறகு மூக்கைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து உதட்டோரத்தில் தோலைப் பிளந்து, வாயால் கவ்வி, தலையைப் பக்கவாட்டில் வளைத்து இழுத்து, கையுறையை உருவுவதுபோல் ஒவ்வொரு பாதத்திலிருந்தும் விரல் விரலாக உருவி, உருவிய தோலையெல்லாம் ஒன்று விடாமல் தானே விழுங்கிவிடும். ஈரம் போதாவிட்டால் விரல் நுனிகளில் சிறு வளையங்களாகத் தோல் ஒட்டிக்கொண்டு காய்ந்து இறுகுகிறது. அதைக் கவனிக்காமல் அடுத்தடுத்த உரிப்புகளிலும் சேரவிட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் நுனி கறுத்து விழுந்துவிடும். விரல் குறைந்த சிறுத்தைப் பல்லிகளைப் பிறவிக் குறையுள்ளவை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அவற்றில் பலவற்றுக்குக் குறை, ஒரு டப்பாவும் ஒரு பிடி பாசியும்தான்.

தரைக்கு எதை இடுவது என்ற விவாதம் வளர்ப்பாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. 'பாலைவனப் பல்லி' என்ற பெயரைக் கேட்டு வெறும் மணலைக் கொட்டுவது ஒரு தவறு. உலர்ந்த தளர்மணலை அது இரையோடு சேர்த்து விழுங்கி, குடலில் அடைத்துக்கொண்டு இறந்த செய்திகள் ஏராளம். சுண்ணாம்புச் சத்துள்ள மணல், தின்றாலும் ஜீரணமாகும் என்று விளம்பரம் செய்து விற்கும் வகை இன்னும் மோசம், ஏனெனில் சத்துக் குறைந்த பல்லி அதைத் தேடித் தேடித் தின்கிறது. அந்தப் பயத்தில் மற்றொரு கோடிக்குப் போய்ச் சமையலறைக் காகிதத்தையே ஆயுள் முழுவதும் விரித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். செயற்கைப் புல்விரிப்பு என்று விற்பதும் உண்டு. அதன் நூலில் நகம் மாட்டும், அழுக்கு தங்கும், எனவே அதை நான் சிபாரிசு செய்யேன். தரை ஓடு பதிப்பது சுத்தத்துக்கும் சூடு பரவவும் மிக நன்று. கடப்பைக் கல்லைப் போன்ற சொரசொரப்பான சிலேட்டுக் கல்லானால் நகமும் தேய்ந்து அளவோடிருக்கும். ஆனால் அதன் பூர்வீக நிலத்துக்கு நெருங்கியது, ரசாயன உரம் கலவாத மேல்மண் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, விளையாட்டு மணல் மூன்றில் ஒரு பங்கு, சிறிது களிமண் ஆகியவற்றை நனைத்துக் கலந்து, நாலு அங்குலம் கனத்துக்குப் பரப்பி, அழுத்தி, உலரவிட்டு இறுக்கிய கட்டாந்தரையே. ஆரோக்கியமான, சரியான சூட்டில் வாழும், சுண்ணாம்புப் பொடி தூவிய பூச்சிகளைத் தின்று வளரும் பல்லி அதில் வாய் வைத்து எப்போதாவது ஒரு துளி மண்ணை விழுங்கினாலும் அது வெளியேறிவிடும். குடலடைப்புக்கு மண்ணைமட்டும் குற்றம் சொல்வது பாதி நியாயமே; சூடு போதாமல் ஜீரணம் நின்றுபோன வயிற்றுக்கு மெழுகுப்புழுவின் தோலே கல்லாகிவிடும்.

பாறைகளை அடுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனமான கல்லை மண்ணின்மேல் வைத்தால், பல்லி அதன் அடியில் பறித்துக்கொண்டே போய் ஒருநாள் கல் சரிந்து நசுங்கும். முதலில் கல்லைத் தொட்டியின் அடித்தளத்தில் உறுதியாக நிறுத்தி, பிறகு அதைச் சுற்றி மண்ணை நிரப்புவதே முறை.

ஒளியைப் பற்றி அபிப்பிராயம் சமீப காலத்தில் மாறியிருக்கிறது. இருளில் திரியும் பிராணிக்கு அல்ட்ரா வயலட் கதிர் எதற்கு என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் அந்தக் கதிரில் இருந்த சிறுத்தைப் பல்லிகளின் ரத்தத்தில் வைட்டமின் டி3 உயர்ந்திருந்தது. ஆகவே மெல்லிய கதிர் வீசும் நிழல்வாழ் பிராணிகளுக்குரிய குழல் விளக்கு ஒன்றைச் சூட்டுப் பக்கத்தில் வைத்தால் நல்லது. கம்பிவலை மூடி அந்தக் கதிரில் கணிசமான பகுதியை விழுங்கிவிடும் என்பதையும், ஜன்னல் கண்ணாடி அதை அறவே தடுத்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஜன்னலோரம் தொட்டியை வைத்தால் கதிரின் நன்மை வராமல் வெயிலின் சூடு மட்டும் வந்து, ஒரு மத்தியானத்திலேயே உள்ளிருப்பது வெந்துபோகும். வெண்ணிற வகைகளுக்குக் கண் கூசும். அவற்றுக்கு விளக்கு இன்னும் மெல்லியதாகவும் நிழல் இன்னும் அதிகமாகவும் இருக்கட்டும்.

வீட்டில் ஒரே ஒரு குடித்தனக்காரர்தான். இரண்டு ஆண்கள் சேர்ந்தால் ரத்தம் சிந்தாமல் இருக்காது. ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஓய்வின்றி முட்டையிட்டே பெண் உருக்குலைந்துவிடும். இரண்டு பெண்கள் ஒரே மறைவிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதைக் கண்டு அன்பென்று மகிழ்வோர் உண்டு, அது பெரும்பாலும் சூடான ஒரே இடத்துக்கான போட்டி. மெலிந்த வாலைப் பார்த்தால் தோற்றது எது என்று தெரிந்துவிடும். தனிமை இதற்குத் துன்பமன்று.

இதன் நல்ல பழக்கம் ஒன்று வளர்ப்பவருக்குப் பெரிய வரப்பிரசாதம். தொட்டியில் ஏதேனும் ஒரு மூலையை மலம் கழிக்கும் இடமாகத் தேர்ந்துகொண்டு, பெரும்பாலும் அங்கேயே திரும்பத் திரும்பப் போகும். அந்த மூலையில் ஓர் ஓட்டுத்துண்டைப் பதித்துவிட்டால் துடைப்பது ஒரு நிமிஷ வேலை. தண்ணீர்க் கிண்ணம் குளிர்ந்த கோடியில் ஆழமின்றி இருக்கட்டும். சுண்ணாம்புப் பொடி வைத்த சிறு மூடி ஒன்றும் வைத்தால் வேண்டும்போது வந்து நக்கிக்கொள்ளும். போட்ட சில்வண்டுகளில் தின்னாமல் மிஞ்சியவற்றை விடியுமுன் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அவை தூங்கும் பல்லியையே கடித்துப் புண்ணாக்கும். சால்மொனெல்லாக் கிருமி ஊர்வனவற்றின் மலத்தில் இருக்கக் கூடுமாதலால், தொட்டியைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவுவதும், சமையலறைத் தொட்டியில் அதன் கிண்ணத்தைக் கழுவாதிருப்பதும் வீட்டார் அனைவரும் கைக்கொள்ள வேண்டிய நியமங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு ஒன்று வாங்க நினைக்கும் வாசகர், தாம் வசிக்கும் நாட்டின் சட்டத்தை முதலில் விசாரிக்க வேண்டும். சிங்கப்பூரில் சிறுத்தைப் பல்லியை வீட்டில் வளர்ப்பது சட்டவிரோதம். ஆஸ்திரேலியாவிலும் அந்நாட்டுக்கு உரியதல்லாத ஊர்வனவற்றை வளர்க்க அனுமதியில்லை. நம் நாட்டில் இதன் நெருங்கிய உறவினங்கள் மேற்கு இந்தியாவிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் இருக்கின்றன. சாத்புரா மலையில் வாழும் ஓர் இனத்தை 2014லும், ஆந்திரத்திலும் ஒடிஸாவிலும் வாழும் மற்றொன்றை 2022லும்தான் விஞ்ஞானிகள் புதிதாகப் பெயரிட்டார்கள். அவற்றைக் கண்டால் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ளல் வேண்டும். காட்டிலிருந்து பிடித்துவரும் எண்ணமே கூடாது. வெளிநாட்டு வகையானாலும் வனத்துறையைக் கேட்டுத் தெளிந்த பிறகே காசை எடுக்கலாம்.

சட்டம் இடம் கொடுக்கும் நாட்டிலுள்ளவர்கள், பல்லிக்கு முன்னால் வீட்டை வாங்க வேண்டும். தொட்டியை டெலிவிஷனுக்கும் ஸ்பீக்கருக்கும் எட்டத்தில் அசையாத மேஜைமேல் அமைத்து, விளக்கையும் தெர்மோஸ்டாட்டையும் பூட்டி, உள்ளே ஒருவரும் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, நடுப்பகலிலும் பின்னிரவிலும் இரு கோடிகளின் உஷ்ணத்தைக் குறித்துக்கொள்ளட்டும். தவறு இருந்தால் அப்போது தெரிந்துவிடும், அதற்குப் பலியாக ஓர் உயிர் உள்ளே இராது. பல்லி வந்த முதல் சில வாரங்களுக்கு மண்ணைப் போடாமல் காகிதத்தையே விரித்துவைத்தால், அது கழிக்கும் மலத்தைத் தெளிவாகப் பார்க்கலாம், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பரிசோதிக்கவும் முடியும். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி புகுந்தால் வால் குச்சியாய் மெலிந்து பல்லி இறந்துவிடும், பிறகு அந்தத் தொட்டியை முற்றும் சுத்திகரிப்பதும் மிகக் கடினம். குறை இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு மண்ணைக் குழைத்துப் பரப்பலாம். தரை உலர்ந்து இறுகச் சில நாள் பிடிக்குமாதலால், அதுவரை பல்லியை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், ஒரு பக்கம் வெப்பத் தகடும் தெர்மோஸ்டாட்டும் வைத்து, ஈரப்பாசி டப்பாவோடு தங்கவைத்தால் போதும்.